மலைப்பகுதி மாணவர்களும் தற்கொலை எண்ணமும்: ஒரு நாள் சொற்பொழிவு போதுமா?

கோத்தகிரி ஆசிரியை:

எங்கள் பள்ளி மேலாண்மைக் குழுவின் அடுத்த கூட்டத்தில் ஒரு தீர்மானம் வரவிருக்கிறது. மேல்நிலை வகுப்பு மாணவர்களுக்காகக் கோவையிலிருந்து ஒரு பேச்சாளரை வரவழைத்து, தற்கொலைத் தடுப்பு பற்றி ஒரு நாள் சொற்பொழிவு நடத்துவது என்பதே அது. பெற்றோர் பலர் ஆதரிக்கிறார்கள். எனக்கு அதில் நிறைவு இல்லை. கூடம் நிறையப் பிள்ளைகளை உட்கார வைத்து, ஒலிபெருக்கியில் தன்னம்பிக்கை பற்றி முழங்கிவிட்டு, பனி இறங்குவதற்குள் மலையிறங்கிவிடும் ஒருவரால், அடுத்த மாதம் ஓர் இரவில் ஒரு பிள்ளைக்கு வரும் நெருக்கடியில் என்ன செய்ய முடியும் என்பதே என் ஐயம். அந்தப் பணத்தையும் நேரத்தையும் வேறு எப்படிச் செலவிட்டால் நம் நீலகிரி மலைக்குப் பொருந்தும் என்று இங்குள்ளவர்கள் சொல்ல வேண்டும்.

தொடங்குவதற்கு முன் ஒரு வேண்டுகோள். எந்த ஊர், எந்த வீடு, எந்த முறை என்ற விவரங்களை யாரும் எழுத வேண்டாம். மாணவர்களும் இதைப் படிப்பார்கள். படிப்பவர்களில் யாருக்கேனும் இப்போதே அத்தகைய எண்ணம் இருந்தால், இந்த இழையை அப்படியே விட்டுவிட்டு 14416 என்ற எண்ணுக்கு அழையுங்கள். அது டெலி மானஸ் எனப்படும் அரசின் கட்டணமில்லா மனநல உதவி எண். இரவு பகல் எந்நேரமும் தமிழில் பேசலாம்.

பந்தலூர் செவிலியர்:

ஆசிரியை அம்மாவின் ஐயத்துக்கு ஆய்வுகளிலேயே ஆதாரம் இருக்கிறது. ஐரோப்பாவின் பத்து நாடுகளில், 168 பள்ளிகளில், பதினோராயிரத்துக்கும் மேற்பட்ட மாணவர்களிடம் நடத்தப்பட்ட ஓர் ஆய்வு 2015-இல் லான்செட் மருத்துவ இதழில் வெளிவந்தது. ஆபத்தில் இருக்கும் பிள்ளைகளை அடையாளம் காண ஆசிரியர்களுக்கு மட்டும் பயிற்சி அளித்த பள்ளிகளில், எந்தப் பயிற்சியும் இல்லாத பள்ளிகளைவிடக் குறிப்பிடத்தக்க மாற்றம் காணப்படவில்லை. ஆனால் மாணவர்களே நான்கு வாரங்களில் மொத்தம் ஐந்து மணி நேரம், நண்பனுக்கு நெருக்கடி வந்தால் என்ன பேசுவது, யாரிடம் அழைத்துப் போவது என்று நடித்துப் பார்த்தும் விவாதித்தும் பழகிய பள்ளிகளில், ஓராண்டுக்குப் பிறகு தற்கொலை முயற்சிகள் ஏறத்தாழப் பாதியாகக் குறைந்திருந்தன. மொத்த நேரம் உங்கள் பேச்சாளருக்கான அதே ஒரு நாள்தான் என்பதைக் கவனியுங்கள். அதைப் பிரித்துக் கொடுத்ததிலும், பிள்ளைகளைப் பேச விட்டதிலும்தான் வேறுபாடு இருக்கிறது.

அறிகுறிகளைப் பற்றியும் சொல்லிவிடுகிறேன், ஏனெனில் பெரியவர்களிடம் காணும் அறிகுறிகளையே பிள்ளைகளிடமும் தேடுவதால் பலவற்றைத் தவறவிடுகிறோம். பெரியவர் ஒருவர் மனச்சோர்வில் இருந்தால் முகம் வாடியிருக்கும், பேச்சு குறையும். பதினைந்து வயதுப் பையனோ எரிந்து விழுவான், கதவை அறைந்து சாத்துவான், விளையாட்டுக் குழுவிலிருந்து விலகுவான், படிப்பில் சட்டென்று சரிவான். வீட்டில் அதற்குத் திமிர் என்று பெயர் வைத்துவிடுவார்கள். தூக்கம் தலைகீழாவது, தன் உயிரைப் பற்றிக் கவலையில்லாமல் வண்டி ஓட்டுவது, மிகவும் பிரியமாக வைத்திருந்த பொருள்களைக் காரணமின்றிப் பிறருக்குக் கொடுத்துவிடுவது, "நான் இல்லாவிட்டால் உங்களுக்குச் செலவு மிச்சம்" என்பது போன்ற பேச்சு ஆகியவற்றை விளையாட்டாக எடுத்துக்கொள்ளக் கூடாது. பல நாள் கலக்கத்துக்குப் பின் திடீரென்று தோன்றும் அமைதியும் எப்போதும் நல்ல செய்தி அல்ல. முன்பு ஒரு முறை முயன்ற பிள்ளை என்றால், மற்ற எல்லாவற்றையும்விட அது பெரிய எச்சரிக்கை.

இத்தகைய ஐயம் எழுந்தால் சுற்றி வளைக்காமல் நேரடியாகவே கேட்க வேண்டும்: "செத்துப் போகலாம் என்று உனக்குத் தோன்றுகிறதா?" கேட்பவரின் குரல் நடுங்கக் கூடாது, திட்டுவது போலவும் இருக்கக் கூடாது. அவ்வளவுதான்.

குந்தா விவசாயி:

செவிலியர் அம்மா சொல்வதை மதிக்கிறேன். ஆனாலும் கடைசிப் பத்தி எனக்கு அச்சமாக இருக்கிறது. அந்த எண்ணமே இல்லாத பிள்ளையிடம் போய் அப்படிக் கேட்டால், நாமே விதை தூவியது போல் ஆகிவிடாதா? எங்கள் ஹட்டியில், அதாவது படகர் ஊரில், இந்தச் சொல்லையே வீட்டுக்குள் உச்சரிக்க மாட்டோம்.

இன்னொன்று. நாங்கள் படித்த காலத்தில் வாத்தியார் அடித்தார், அப்பா அடித்தார், காலில் செருப்பில்லாமல் ஐந்து மைல் நடந்தோம்; இப்படியெல்லாம் நடக்கவில்லை. இப்போது நீட், கட்-ஆப், மதிப்பெண் என்று பள்ளிதான் பிள்ளைகளைப் பிழிகிறது. தேர்வை விட்டுவிட்டு மற்றதைப் பேசி என்ன பயன்?

பந்தலூர் செவிலியர்:

ஐயா, உங்கள் அச்சம் பெரும்பாலான பெற்றோருக்கு இருப்பதுதான். இதையே சோதித்துப் பார்த்திருக்கிறார்கள். நியூயார்க் மாநிலத்தின் உயர்நிலைப் பள்ளிகளில் இரண்டாயிரத்துக்கும் மேற்பட்ட மாணவர்களை இரு பிரிவாகப் பிரித்து, ஒரு பிரிவினரிடம் மட்டும் தற்கொலை எண்ணம் பற்றிய கேள்விகளைக் கேட்டு, பின்னர் இரு பிரிவினரையும் ஒப்பிட்ட ஆய்வு 2005-இல் வெளியானது. கேட்கப்பட்டதால் யாருக்கும் மனவேதனையோ அந்த எண்ணமோ கூடவில்லை. ஏற்கெனவே சோர்விலிருந்த பிள்ளைகளுக்குக் கேட்கப்பட்டது சற்று ஆறுதலாகவே இருந்தது. எண்ணம் இருக்கும் பிள்ளைக்கு அதை யாரிடமும் சொல்ல முடியாமல் சுமப்பதுதான் பெரும் பாரம். ஒருவர் அந்தச் சொல்லை வாய்விட்டுச் சொல்லும்போது, இவரிடம் பேசலாம் என்ற வழி திறக்கிறது.

"அந்தக் காலத்தில் நடக்கவில்லை" என்பதைப் பற்றி: நடந்தது, ஐயா. வயிற்று வலி தாங்காமல் என்று எழுதி முடித்தார்கள்.

கோத்தகிரி ஆசிரியை:

தேர்வைப் பற்றி விவசாயி ஐயா சொல்வதில் பாதி உண்மை இருக்கிறது, அந்தப் பாதியில் தமிழ்நாடு ஓரளவு வழிகாட்டியும் இருக்கிறது. பொதுத் தேர்வில் தவறியவர்கள் ஓராண்டு காத்திராமல், அதே கல்வியாண்டிலேயே உயர்கல்விக்குச் செல்லும்படி உடனடித் தேர்வு முறை 2000-களின் தொடக்கத்தில் இங்கு நடைமுறைக்கு வந்தது. சென்னையில் 1986-இல் சிநேகா என்ற தற்கொலைத் தடுப்பு அமைப்பைத் தொடங்கிய மனநல மருத்துவர் லட்சுமி விஜயகுமார் இதற்காகத் தொடர்ந்து வாதாடியவர். மாநில அளவில் முதல் மூன்று இடம் என்று படம் போட்டு அறிவிக்கும் வழக்கத்தையும் அரசு 2017-இல் கைவிட்டது. ஒரு தோல்விக்கும் அடுத்த வாய்ப்புக்கும் இடையில் உள்ள நாள்களைக் குறைப்பது உயிர் காக்கும் செயல் என்பதற்கு இதைவிட எளிய சான்று இல்லை. ஆனாலும் நம் ஊர்த் தனிப்பயிற்சி நிலையங்கள் இன்னும் பேருந்து நிலையத்தில் மதிப்பெண்ணோடு பிள்ளைகளின் படத்தை ஒட்டிக்கொண்டுதான் இருக்கின்றன.

மறு பாதி அப்படியல்ல. தேசியக் குற்ற ஆவணக் காப்பகத்தின் 2022-ஆம் ஆண்டு அறிக்கையின்படி நாட்டில் 1,70,924 பேர் தற்கொலையால் இறந்தார்கள். அவர்களில் 13,044 பேர் மாணவர்கள். தமிழ்நாடு மொத்த எண்ணிக்கையில் மகாராட்டிரத்துக்கு அடுத்த இடத்தில் இருந்தது. பதினெட்டு வயதுக்குட்பட்டவர்களுக்குப் பதிவான காரணங்களில் முதலிடம் தேர்வுத் தோல்விக்கு அல்ல, குடும்பப் பிரச்சினைகளுக்கு. காவல்துறைப் பதிவேட்டில் ஒரே ஒரு காரணத்தை எழுதித்தான் ஆக வேண்டும். உண்மையில் ஒரு பிள்ளையின் மனத்தில் நான்கைந்து காரணங்கள் ஒன்றோடொன்று பின்னிக் கிடக்கும். என் வகுப்பறை அனுபவத்தில், மதிப்பெண் குறைந்ததற்காக மட்டும் உடைந்துபோன பிள்ளையைக் காண்பது அரிது. பச்சைத் தேயிலைக்கு விலையில்லாமல் கடன் கூடிய வீடு, குடித்துவிட்டு வந்து தாயை அடிக்கும் தந்தை, வேறு சாதிப் பையனிடம் பேசியது தெரிந்து பிடுங்கப்பட்ட செல்போன் என ஏதாவதொன்று ஏற்கெனவே அழுத்திக்கொண்டிருக்கும். மதிப்பெண் பட்டியல் அதன் மேல் வந்து விழும்.

கூடலூர் மாணவி:

ஆசிரியை அவர்களுக்கும் செவிலியர் அக்காவுக்கும் வணக்கம். நான் கல்லூரி முதலாண்டு மாணவி. எஸ்டேட் தொழிலாளர் குடியிருப்பான பாடியில் வளர்ந்தவள். பெரியவர்கள் பேசும்போது ஒன்றை மறந்துவிடுகிறீர்கள் என்று தோன்றியதால் எழுதுகிறேன். பேசு, பேசு என்கிறீர்கள். எங்கே நின்று பேசுவது?

பாடியில் எங்களுக்கு ஒரே அறையும் ஒரு சமையலறையும்தான். பக்கத்து வீட்டில் இருமினால் இந்த வீட்டில் கேட்கும். வீட்டுக்கு ஒரு செல்போன். அது அப்பாவிடம் இருக்கும், அழைத்த எண்கள் அதில் அப்படியே நிற்கும். சிக்னல் கிடைக்க வேண்டுமானால் தேயிலைக் காட்டின் மேட்டுக்கு ஏற வேண்டும். மாலை ஆறு மணிக்கு மேல் யானை நடமாட்டம் இருப்பதால் அங்கே யாரும் போக மாட்டார்கள். 14416 நல்ல எண்தான், எங்களுக்கு அது பகல் நேரத்து எண். ஹட்டிப் பிள்ளைகளுக்கு வீடு பெரிதாக இருக்கலாம், ஆனால் ஊரே உறவு. பள்ளியில் ஆலோசகரைப் பார்த்தாள் என்ற செய்தி அவள் வீடு போய்ச் சேர்வதற்கு முன்பே ஊர் போய்ச் சேர்ந்துவிடும்.

அதனால் பிள்ளைகள் முதலில் தோழியிடம்தான் சொல்கிறார்கள், "யாரிடமும் சொல்ல மாட்டேன்" என்று சத்தியம் வாங்கிக்கொண்டு. அந்தச் சத்தியத்தைக் காப்பதா உடைப்பதா என்று தெரியாமல் தோழி தவிப்பதை நான் விடுதியில் பார்த்திருக்கிறேன். செவிலியர் அக்கா சொன்ன ஐந்து மணி நேரத்தில் இந்த ஒரு பாடத்தை மட்டுமாவது பழக்குங்கள். மற்ற எல்லா ரகசியத்தையும் காக்கலாம். உயிர் பற்றிய ரகசியத்தை ஒரு பெரியவரிடம் அன்றைக்கே சொல்லிவிட வேண்டும், அதனால் நட்பு முறிந்தாலும் பரவாயில்லை. கூடவே எந்தப் பெரியவரிடம் என்பதையும் பெயரோடு சொல்லிவிடுங்கள். "நம்பிக்கையான ஒருவரிடம் சொல்" என்று சுவரொட்டியில் எழுதினால், எங்களில் பாதிப் பேருக்கு அப்படி ஒருவர் நினைவுக்கு வருவதில்லை.

கோத்தகிரி ஆசிரியை:

அருமையாகச் சொன்னீர்கள், அம்மா. பள்ளியில் சிக்னல் கிடைக்கும் ஓர் அறையை மதிய இடைவேளையில் ஒதுக்கி, பள்ளியின் செல்போனை அங்கே வைத்து, யார் பேசினார் என்று எந்தப் பதிவேட்டிலும் எழுதாமல் விடலாம் என்று உங்கள் பதிவைப் படித்ததும் தோன்றியது. செலவே இல்லாத ஏற்பாடு.

பள்ளிச் சுவர்களில் எழுதப்படும் எண்களைப் பற்றி ஒரு சிறு எச்சரிக்கையும் உண்டு. 14417 என்பது பள்ளிக்கல்வித் துறையின் உதவி எண், மனநலத்துக்கு 14416. கடைசி இலக்கம் மட்டுமே வேறு. எழுதுபவர்கள் ஒரு முறைக்கு இரு முறை சரிபார்த்துக்கொள்ள வேண்டும். 104 என்ற சுகாதார உதவி எண்ணும், குழந்தைகளுக்கான 1098-உம் பலருக்குத் தெரிந்தவைதான்.

டேன்டீ ஓய்வூதியர்:

இலங்கைத் தோட்டத் தமிழர்களில் பலரை இந்தியாவுக்கு அனுப்ப வழிசெய்த சாஸ்திரி–சிறிமாவோ ஒப்பந்தத்துக்குப் பின் நான் கண்டிப் பக்கமிருந்து குடும்பத்தோடு வந்து, அரசுத் தேயிலைத் தோட்டக் கழகமான டேன்டீயில் வேலை பார்த்தவன். இலங்கையில் நடந்த ஒன்றை இங்கே சொல்ல வேண்டும். 1990-களின் நடுவில் உலகிலேயே தற்கொலை மிகுந்த நாடுகளில் ஒன்றாக அது இருந்தது. மலைநாட்டுத் தோட்டங்களில் அந்தத் துயரம் தொடாத தொழிலாளர் குடியிருப்பு லயம் இல்லை. அரசு 1995 முதல் மிகக் கொடிய நச்சுள்ள பூச்சிமருந்துகளை ஒவ்வொன்றாகத் தடை செய்தது. அடுத்த இருபது ஆண்டுகளில் தற்கொலை வீதம் ஏறத்தாழ 70 விழுக்காடு குறைந்தது. 2009 வரை போர் நடந்துகொண்டிருந்தது, விளைச்சலும் குறையவில்லை. கைக்கு எட்டும் தூரத்தில் இருந்த ஆபத்து விலகியது.

நம் நீலகிரியில் தேயிலைக்கும், கேரட், பீட்ரூட், உருளைக்கிழங்குக்கும் மருந்தடிக்கிறோம். மிச்சத்தை எங்கே வைக்கிறோம்? விறகுக் கொட்டகையில், பரணில், சில வீடுகளில் படுக்கைக்கு அடியிலேயே. ஒரு பூட்டு போட்டால் என்ன?

குந்தா விவசாயி:

இது எனக்குப் புரிகிறது. என் வீட்டுக் கொட்டகைக்கும் இதுவரை பூட்டில்லை. பூட்டுப் போட்ட பெட்டிகளை மலிவாக வாங்கி எங்கள் ஹட்டி முழுவதும் கொடுக்க ஊர்ப் பெரியவர்களிடம் பேசலாமா என்று யோசிக்கிறேன். ஆனால் சாகத் துணிந்தவனைப் பூட்டு தடுக்குமா என்பதே என் கேள்வி.

பந்தலூர் செவிலியர்:

இரண்டு கேள்விகளுக்கும் தனித்தனியாக விடை சொல்ல வேண்டும்.

"துணிந்தவன்" என்ற எண்ணமே வளரிளம் பருவத்துக்குப் பொருந்தாது. முன்யோசனைக்கும் அடக்கத்துக்கும் பொறுப்பான மூளையின் முன்பகுதி இருபது வயதைத் தாண்டியும் முதிர்ந்துகொண்டிருக்கிறது. உணர்ச்சிக்குப் பொறுப்பான பகுதிகள் அதற்கு முன்பே வேகம் பிடித்துவிடுகின்றன. ஒரு திட்டு, ஓர் அவமானம், ஒரு குறுஞ்செய்தி என ஏதோ ஒன்றுக்குப் பின் எழும் அந்த உச்ச நிலை பல பிள்ளைகளுக்குச் சில நிமிடங்களிலோ சில மணி நேரத்திலோ தணிந்துவிடும். அந்த நேரத்தில் ஆபத்தான பொருள் கைக்கு எட்டாமலும், அருகில் ஒரு மனிதர் இருக்கும்படியும் பார்த்துக்கொண்டால், அவர்களில் பெரும்பாலோர் பிழைத்து வாழ்கிறார்கள். முயன்று பிழைத்தவர்களில் பத்தில் ஒன்பது பேர் பிற்காலத்தில் தற்கொலையால் இறப்பதில்லை.

பூட்டுப் பெட்டி விஷயத்தில் உங்களை ஏமாற்றமடையச் செய்ய வேண்டியிருக்கிறது. இலங்கையிலேயே 180 கிராமங்களில் வீட்டுக்கு வீடு பூட்டுப் பெட்டி கொடுத்துச் சோதித்த ஆய்வு 2017-இல் வெளியானது. பெட்டி பெற்ற ஊர்களுக்கும் பெறாத ஊர்களுக்கும் வேறுபாடு இல்லை. சாவி வீட்டில்தானே இருக்கிறது! பயன் தந்தவை நாடு தழுவிய தடைகள்தான். அதே சமயம் நம் மாநிலத்தில் காட்டுமன்னார்கோவில் பகுதியில், ஊருக்குப் பொதுவாக ஒரு சேமிப்பறை கட்டி, விவசாயிகள் தம் மருந்தை அங்கே வைத்துப் பூட்டி வேண்டும்போது எடுத்துக்கொள்ளும் ஏற்பாட்டை லட்சுமி விஜயகுமார் குழுவினர் முயன்றார்கள். சிறிய ஆய்வுதான் என்றாலும் பலன் நம்பிக்கை தரும்படி இருந்தது. ஹட்டிக்கு ஒரு சமுதாயக் கூடம் எப்படியும் இருக்கிறது. பெட்டி வாங்கும் பணத்தில் அதை ஒட்டி ஒரு சேமிப்பறை கட்டலாம். அதைவிடவும் எளிது, அந்தப் பருவத்துக்கு வேண்டிய அளவு மட்டும் வாங்கி மிச்சமே வைக்காமல் இருப்பது. வீட்டில் தாத்தா பாட்டிக்கு வாங்கிச் சேர்த்துவைத்திருக்கும் மாத்திரைகளுக்கும் இது பொருந்தும்.

உதகை வழக்கறிஞர்:

குடும்பங்கள் மருத்துவமனைக்குப் போகத் தயங்குவதற்குக் காவல்துறை வழக்கு வரும் என்ற அச்சம் இன்றும் ஒரு காரணமாக இருப்பதால் சட்ட நிலையைத் தெளிவாக்குகிறேன். 2017-ஆம் ஆண்டு மனநலப் பராமரிப்புச் சட்டத்தின் 115-ஆம் பிரிவு, தற்கொலைக்கு முயன்றவர் கடும் மன அழுத்தத்தில் இருந்தார் என்றே கருத வேண்டும், அவரைத் தண்டிக்கக் கூடாது, அவருக்குச் சிகிச்சையும் மறுவாழ்வும் அளிப்பது அரசின் கடமை என்று சொல்கிறது. 2024 ஜூலை முதல் நடைமுறையில் உள்ள புதிய குற்றவியல் சட்டமான பாரதிய நியாய சன்ஹிதாவில், தற்கொலை முயற்சியைக் குற்றமாக்கிய பழைய 309-ஆம் பிரிவே இல்லை. மருத்துவமனை காவல் நிலையத்துக்குத் தகவல் அனுப்பும். காவலர் வந்து வாக்குமூலம் பெறலாம். பிள்ளையின் மீது அதற்காக வழக்கு வராது. அரசு வேலைக்கும் கடவுச்சீட்டுக்கும் தடையாகும் என்று யாரேனும் பயமுறுத்தினால் நம்ப வேண்டாம்.

வெளியில் சொன்னால் மானம் போகும் என்று மறைக்கப்படும் பாலியல் வன்கொடுமைகள் இந்தத் துயரத்தின் பின்னால் அடிக்கடி ஒளிந்திருக்கின்றன என்பதையும் பள்ளிகள் மனத்தில் வைக்க வேண்டும். ஒரு குழந்தை அதைச் சொல்லிவிட்டால், குழந்தைகளைப் பாலியல் குற்றங்களிலிருந்து காக்கும் போக்சோ சட்டத்தின் 19-ஆம் பிரிவின்படி தகவல் அளிப்பது கேட்டவரின் கடமை. "இதை யாரிடமும் சொல்ல மாட்டேன்" என்று ஆசிரியர்கள் முன்கூட்டியே வாக்குக் கொடுப்பதைத் தவிர்க்க வேண்டும் என்பதற்கு அதுவும் காரணம்.

நூறு அல்லது அதற்கு மேற்பட்ட மாணவர்கள் உள்ள கல்வி நிறுவனங்களில் தகுதி பெற்ற ஆலோசகர் ஒருவரேனும் இருக்க வேண்டும் என்று உச்ச நீதிமன்றம் 2025 ஜூலையில் வழிகாட்டு நெறி வகுத்திருக்கிறது. மேலாண்மைக் குழுத் தீர்மானத்தில் இதை மேற்கோள் காட்டுங்கள்.

விடுதிக் காப்பாளர்:

ஆலோசகர் வரட்டும், வரவேற்போம். அதுவரை என்ன செய்வது? எங்கள் விடுதியில் பணியர், காட்டுநாயக்கர் ஆகிய பழங்குடிப் பிள்ளைகள் இருக்கிறார்கள். சமவெளியிலிருந்து வரும் படித்த ஆலோசகரிடம் அவர்கள் தலையை மட்டும் ஆட்டுவார்கள். தம் மொழியில் பேசும் சமையல் உதவியாளர் அம்மாளிடம் எல்லாவற்றையும் சொல்வார்கள். புதிதாகச் சேர்ந்த முதல் சில வாரங்களும், பொங்கல், கோடை விடுமுறைகள் முடிந்து திரும்பும் நாள்களும்தான் எங்களுக்குக் கடினமானவை. இரவில் அழும் பிள்ளையை "போகப் போகச் சரியாகிவிடும்" என்று விடாமல், அன்றே வீட்டாரோடு பேச வைத்தால் பாதிக் கலக்கம் தீர்கிறது.

பந்தலூர் செவிலியர்:

காப்பாளர் ஐயா சொன்ன சமையல் உதவியாளர் அம்மாளைப் போன்றவர்களையே நான் முதலில் பயிற்சிக்கு அழைப்பேன். பீகாரின் நாளந்தா மாவட்ட அரசுப் பள்ளிகளில் நடத்தப்பட்டு 2018-இல் வெளியான ஆய்வில், மனநலப் பட்டம் பெறாத, ஆனால் பயிற்சி பெற்ற உள்ளூர் ஆலோசகர்களை அமர்த்திய பள்ளிகளில் மாணவர்களின் மனச்சோர்வும் பள்ளி வன்முறையும் தெளிவாகக் குறைந்தன; அதே பணியைப் பாடம் நடத்தும் ஆசிரியர்களிடமே கூடுதலாகச் சுமத்திய பள்ளிகளில் அந்தப் பலன் கிடைக்கவில்லை. ஆசிரியர்கள் மீது குறை சொல்லவில்லை. காலையில் மதிப்பெண்ணுக்காகக் கண்டித்தவரிடமே மாலையில் மனம் திறப்பது பிள்ளைக்குக் கடினம்.

மலைக்கென்று தனியாகத் திட்டமிட வேண்டியது இரவைப் பற்றித்தான். பந்தலூரிலிருந்து உதகை அரசு மருத்துவக் கல்லூரி மருத்துவமனைக்குப் பகலிலேயே மூன்று மணி நேரப் பயணம். ஜூலை மழையில் மரம் விழுந்தால் அதுவும் இல்லை. ஆகவே ஆபத்தில் இருப்பதாகத் தெரிந்த ஒவ்வொரு பிள்ளைக்கும், அமைதியான ஒரு பகல் வேளையில் அவனோடு உட்கார்ந்து ஒரு தாளில் எழுதிவைப்பதை நான் வலியுறுத்துவேன். எது நடந்தால் தனக்கு அந்த எண்ணம் கிளம்புகிறது, கிளம்பினால் தானாகவே என்ன செய்து மனத்தைத் திருப்ப முடியும், யார் அருகில் போய் உட்கார்ந்தால் தணிகிறது, யாரிடம் வெளிப்படையாகச் சொல்லலாம், எந்த எண்ணுக்கு எங்கிருந்து அழைக்கலாம், வீட்டிலிருந்து எந்தப் பொருளை அப்புறப்படுத்த வேண்டும் என்பவற்றை அவன் சொற்களிலேயே எழுத வேண்டும். பெரியவர்கள் எழுதிக் கையெழுத்து வாங்கும் உறுதிமொழிப் பத்திரம் பயனற்றது. நெருக்கடி வந்த இரவில் பிள்ளையைத் தனியே விடாதீர்கள், கழிவறைக்குப் போனாலும் கதவருகில் ஒருவர் இருங்கள், அறிவுரை சொல்லாதீர்கள், கோயிலுக்கோ ஜெபத்துக்கோ விடிந்த பிறகு அழைத்துப் போகலாம். ஏற்கெனவே தனக்குத் தீங்கு செய்துகொண்டிருந்தால் எதற்கும் காத்திராமல் 108-ஐ அழைத்துவிட்டு, அருகிலுள்ள அரசு மருத்துவமனைக்குக் கொண்டு செல்லுங்கள். வீட்டு வைத்தியத்தில் ஒரு நிமிடமும் கடத்தக் கூடாது.

குன்னூர் வாசகர்:

ஓர் இளம் மரணம் நேர்ந்தால் நம் ஊர்களில் மறுநாள் காலை பேருந்து நிறுத்தத்தில் கண்ணீர் அஞ்சலிப் பேனர் நிற்கிறது. வாட்சாப்பில் கடைசிக் கடிதமும் படமும் சுற்றுகின்றன. பின்னணியில் சோகப் பாட்டு வேறு. அதே வயதுப் பிள்ளை ஒன்று, உயிரோடு இருக்கும்போது கிடைக்காத கவனம் இறந்தால் கிடைக்கும் போலிருக்கிறதே என்று அதைப் பார்த்துக்கொண்டு நிற்கிறது. செய்தி இதழ்கள் முறையையும் இடத்தையும் விவரிக்கக் கூடாது, தலைப்பில் பெரிதுபடுத்தக் கூடாது என்று இந்தியப் பத்திரிகை மன்றம் 2019-இலேயே நெறிமுறை வகுத்தது. பேனர் வைப்பவர்களுக்கு யார் நெறிமுறை வகுப்பது? எங்கள் ஊர் இளைஞர் மன்றத்தில் இதைப் பேசி, அஞ்சலியை வீட்டோடும் வழிபாட்டிடத்தோடும் வைத்துக்கொள்வதென முடிவெடுத்தோம். முதலில் சண்டை வந்தது. இறந்த பிள்ளையை அவமதிக்கிறோம் என்றார்கள். பிறகு ஏற்றுக்கொண்டார்கள்.

குந்தா விவசாயி:

இன்னொரு கேள்வியோடு நிறுத்திக்கொள்கிறேன். எங்கள் சுற்றத்தில் ஒரு பையன் சிகிச்சை முடிந்து மீண்டும் பள்ளிக்குப் போகப் போகிறான். ஊரில் யாரும் எதுவும் கேட்காமல் இருப்பது நல்லதா, கேட்பது நல்லதா? அவனிடம் எப்படி நடந்துகொள்வது என்று எங்களுக்குத் தெரியவில்லை.

கூடலூர் மாணவி:

ஐயா, அவனை நோயாளியாகவும் நடத்த வேண்டாம், வீரனாகவும் நடத்த வேண்டாம். "உன்னைப் பார்த்ததில் மகிழ்ச்சி" என்று ஒரு வரி சொல்லிவிட்டு வழக்கம்போல் கிரிக்கெட் ஆட அழைத்தால் போதும். ஏன் செய்தாய் என்று கேட்காதீர்கள். "அம்மாவை நினைத்துப் பார்த்தாயா" என்று யாரும் கேட்டுவிடாமல் வீட்டுப் பெண்களிடம் முன்பே சொல்லி வையுங்கள். பள்ளியில் விடுபட்ட பாடக் குறிப்புகளை அவன் கேட்பதற்கு முன்பே ஒரு நண்பன் எழுதி வைத்திருந்தால் அவனுக்கு நிம்மதியாக இருக்கும். வகுப்பில் அவன் இல்லாத நாள்களுக்கு என்ன காரணம் சொல்வது என்பதை அவனையே தீர்மானிக்க விடுங்கள்.

பந்தலூர் செவிலியர்:

தங்கை சொன்னது அத்தனையும் சரி. வீடு திரும்பிய முதல் சில வாரங்கள்தான் மிக ஆபத்தானவை என்பதால், மருத்துவத் தொடர்பு அறுந்துவிடாமல் பார்த்துக்கொள்வதை மட்டும் நான் சேர்க்கிறேன். சென்னை, கொழும்பு உள்ளிட்ட ஐந்து இடங்களில் உலக சுகாதார நிறுவனம் நடத்தி 2008-இல் வெளியிட்ட ஆய்வில், முயன்று பிழைத்தவர்களிடம் ஒரு மணி நேரம் பேசி அனுப்பிவிட்டு, பதினெட்டு மாதங்களில் ஒன்பது முறை தொலைபேசியிலோ நேரிலோ எப்படி இருக்கிறீர்கள் என்று விசாரித்தார்கள். அவ்வாறு விசாரிக்கப்பட்டவர்களிடையே தற்கொலை மரணங்கள் மிகவும் குறைவாக இருந்தன. மருந்து ஏதும் அதில் இல்லை. அந்தப் பையனின் பகுதிக் கிராம சுகாதாரச் செவிலியரிடமோ, மக்களைத் தேடி மருத்துவம் தன்னார்வலரிடமோ, வீட்டார் சம்மதத்தோடு இந்த விசாரிப்பை ஒப்படைக்கலாம். மனநல மருத்துவர் உங்கள் வட்டத்து அரசு மருத்துவமனைக்கு எந்தக் கிழமை வருகிறார் என்று முன்பே கேட்டுக்கொண்டு போங்கள். பேருந்துக்குக் காத்திருந்து மலையேறி வந்து, இன்று மருத்துவர் இல்லை என்று திரும்பும் குடும்பம் மறுமுறை வருவதில்லை. மாத்திரை கொடுத்திருந்தால், நன்றாக இருக்கிறது என்று தாங்களாக நிறுத்த வேண்டாம். மாத்திரைகள் பெரியவர் ஒருவர் கையில் இருக்கட்டும்.

கோத்தகிரி ஆசிரியை:

அனைவருக்கும் நன்றி. பேச்சாளர் தீர்மானத்துக்குப் பதிலாகக் குழுவின் முன் வைக்க வேண்டியதை எழுதத் தொடங்கிவிட்டேன். ஒன்பதாம் வகுப்பிலிருந்தே, நான்கு வாரங்களில் ஐந்து மணி நேரம் மாணவர்களே நடித்தும் பேசியும் பழகும் வகுப்பு. அதற்கு முன்பாகச் சத்துணவுப் பணியாளர், விடுதி ஊழியர், பேருந்து நடத்துநர் ஆகியோருக்கும் சேர்த்து மாவட்ட மனநலத் திட்டக் குழுவின் பயிற்சி. சிக்னல் உள்ள அந்த அறை. ஆலோசகர் பணியிடம் கேட்டு ஒரு கடிதம். ஜூன், ஜூலையில் மழை விடுமுறை எப்போது வரும் என்று சொல்ல முடியாது என்பதால் ஆகஸ்ட்டில் தொடங்க எண்ணுகிறேன். செவிலியர் அம்மா, அந்த மாதத்தில் எந்த வெள்ளிக்கிழமை உங்களுக்கு வசதி என்று தனிச் செய்தியில் தெரிவித்தால், மாலைச் சிறப்பு வகுப்பை அன்று நிறுத்தி வைக்கிறேன். ஐந்து மணிப் பேருந்தை விட்டால் பிள்ளைகளுக்கு வீடு போய்ச் சேர வேறு பேருந்து இல்லை.